யார் வீட்டுப் பணம்? – 9: தாது வருஷத்துக் கணக்கு

மதுரைப் பக்கம் குஞ்சரத்தம்மாள் கதையைச் சொல்வார்கள். தாசி குலத்தில் பிறந்தவர். வடக்கு ஆவணி மூல வீதியில் வீடு. நகையும் பட்டும் வெள்ளிப் பாத்திரமுமாகச் செழித்த வாழ்க்கை. 1876ல், தாது வருஷத்தில் மழை பொய்த்து, கிராமத்து ஜனங்கள் எலும்பும் தோலுமாக நகரத்துக்குள் வந்து விழுந்தபோது, அந்த அம்மாள் தன் வாசலில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சி ஊற்ற ஆரம்பித்தார். சர்க்கார் கஞ்சித் தொட்டி திறந்தது அதற்குப் பிறகுதான் என்பார்கள். நாளாக ஆகக் கூட்டம் பெருகியது. நகை போயிற்று, வெள்ளி போயிற்று, கடைசியில் வீடும் போயிற்று. பஞ்சம் ஓய்வதற்குள் அவரிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

கேட்கிற யாரும் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கும்பிட வேண்டியதுதான். கும்பிட்டு முடித்ததும் ஒன்றைக் கேட்கவும் வேண்டும். அந்த அடுப்பு ஏன் ஒரு மனுஷியின் நகைப்பெட்டியை நம்பி எரிந்தது? அதே மதுரையில் கலெக்டர் கச்சேரி இருந்தது, கஜானா இருந்தது, தவணை தவறாமல் கிஸ்தி வசூலித்த தாசில்தார்கள் இருந்தார்கள். கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கிஸ்தியைக் கட்டிய குடும்பத்துக்காரர்கள்.

‘வரி போட்டுப் பிடுங்கி இலவசமாக வாரி இறைப்பதைவிட, மனசு இருக்கிறவன் தானாகக் கொடுத்துவிட்டுப் போகட்டுமே’ என்று டீக்கடையிலும் பேசுகிறார்கள், டிவி விவாதத்திலும் பேசுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நம் மண்ணிலேயே ஒருமுறை பரீட்சை செய்து பார்த்தாகிவிட்டது. 1876 முதல் 1878 வரை, தனியார் தர்மமும் சர்க்கார் பணமும் ஒரே ஜனங்களுக்கு ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. இரண்டின் லட்சணமும் காகிதத்தில் இருக்கிறது. ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி, பஞ்சத்தின் கதையை 1878லேயே இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதி வைத்துவிட்டுப் போனார்.

முதலில் சர்க்கார் கதை.

பஞ்சம் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு செய்த காரியம் சரியான காரியம். அர்பத்நாட் கம்பெனி மூலம் ரகசியமாக 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார். வைஸ்ராய் லிட்டன் அதற்காக அவரைக் கண்டித்தார். தானிய வியாபாரம் வியாபாரிகள் பாடு, சர்க்கார் அதில் கை வைக்கக் கூடாது என்பது அன்றைய பொருளாதார வேதம். விலை ஏறினால் தானியம் தானாக வந்து சேரும் என்றார்கள். ரயிலிலும் கப்பலிலும் தானியம் வந்து சேர்ந்ததும் உண்மைதான். வாங்கக் காசில்லாதவன் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே செத்தான். 1877 ஜனவரி 1ஆம் தேதி விக்டோரியா மகாராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டி டில்லியில் தர்பார் நடந்துகொண்டிருந்தது.

அந்த மாதமே செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிள் தெற்கே அனுப்பப்பட்டார். இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மூன்று வருஷங்களுக்கு முன்பு பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது, பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துக் கொட்டி, பட்டினிச் சாவு அதிகம் நேராமல் காப்பாற்றியவர் இதே டெம்பிள். அதற்கு அவருக்குக் கிடைத்தது வசவு. காசைக் கரியாக்கிவிட்டார், ஊதாரி என்று லண்டன் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. அந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் மெட்ராஸுக்கு வந்தார். நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆண்பிள்ளைக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதற்குமேல் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்றால் நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னையின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் கொதித்துப் போனார். ஜெயில் கைதிக்குக்கூட இதைவிட அதிகம் போடுகிறோம், இந்த அளவில் உழைக்கிறவன் உடம்பு தாங்காது என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். அதற்குப் பிறகுதான் அளவு கொஞ்சம் கூடியது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். பஞ்சத்திலும் அதன் பின்னே வந்த காலராவிலும் காய்ச்சலிலும் சென்னை மாகாணத்தில் மட்டும் இறந்தவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். பிழைக்கக் கால் இருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கிளம்பினார்கள்.

அந்த நிவாரண வேலையின் தடம் இன்றும் இருக்கிறது. மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறுகிறவர்கள் ஜன்னல் வழியே கீழே பார்த்தால் கறுப்பாக ஒரு சாக்கடை தெரியும். பக்கிங்ஹாம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டு, 1877–78ல் பஞ்ச வேலையாக வெட்டியது. பசியோடு வந்தவர்கள் தோண்டிய கால்வாய்க்குக் கவர்னர் பெயரை வைத்தார்கள். இப்போது பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே நிற்கின்றன.

இனி தர்மத்தின் கதை. 1877 ஆகஸ்டில் சென்னையில் கவர்னர் தலைமையில் பொதுக்கூட்டம் கூடியது. லண்டன் லார்டு மேயருக்கும் மற்ற நகரங்களுக்கும் தந்தி பறந்தது. நிதிக் குழுவின் கௌரவச் செயலாளர் டிக்பி. லிட்டனுக்கு இது பிடிக்கவில்லை. ஊரெல்லாம் உண்டியல் குலுக்கினால் சர்க்கார் கையாலாகாதது என்று ஆகிவிடாதா? ஆனாலும் பணம் கொட்டியது. பிரபுக்கள் கொடுத்தார்கள், சர்ச்சுகளில் வசூலித்தார்கள், லங்காஷயர் மில் ஊர்களிலிருந்து வந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தது. மொத்தம் ஏறக்குறைய 80 லட்சம் ரூபாய். தந்தி யுகத்தின் மகத்தான தர்மங்களில் ஒன்று என்று இதைச் சொல்லலாம்.

இந்தப் பணம் செய்த நல்லதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மானம் மறைக்கத் துணியில்லாத பெண்களுக்குச் சேலை கொடுத்தது. முகாமுக்கு வந்து கையேந்தக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே பட்டினி கிடந்தவர்களைத் தேடிப் போனது. அனாதைக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது. மழை திரும்பியதும் விதை நெல் வாங்கவும், மாடு வாங்கவும், சரிந்த கூரையை வேயவும் கைக்காசு கொடுத்தது. சர்க்கார் ரெஜிஸ்டரில் இதற்கெல்லாம் தலைப்பே கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரித்து, ஆளைப் பார்த்துக் கொடுப்பது தர்மத்தால் முடிந்தது. இந்த விஷயத்தில் எந்த சர்க்காரும் அதற்குக் கிட்டே வர முடியாது, இன்றைக்கும்.

ஆனால் தொகையைப் பாருங்கள். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன அந்த சர்க்கார் பஞ்ச நிவாரணத்துக்குச் செலவழித்தது 8 கோடி ரூபாய்க்கும் மேல். சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் முழுக்க உண்டியல் குலுக்கியும், மனசுள்ளவர்கள் எல்லாரும் கொடுத்தும், அதில் பத்தில் ஒரு பங்குதான் தேறியது. அதுவும் எப்போது வந்தது? பஞ்சம் தொடங்கி ஒரு வருஷம் ஆகப்போகும்போது. பரிதாபம் பொங்குவதற்குச் செய்தி போக வேண்டும், படம் போக வேண்டும், ஒரு டிக்பி வேண்டும். பசி அதுவரை காத்திருப்பதில்லை.

அப்படியானால் வரிதான் வழி என்று உடனே தீர்ப்பு எழுதிவிடலாமா? 1878ல் நடந்ததையும் பார்த்துவிட்டு எழுதுவோம்.

இனி பஞ்சம் வந்தால் சமாளிக்க வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவோம் என்று லிட்டனும் நிதி உறுப்பினர் ஜான் ஸ்ட்ரேச்சியும் அறிவித்தார்கள். பஞ்சக் காப்பு நிதி என்று பெயர். நல்ல யோசனைதான். பணம் எங்கிருந்து? வியாபாரிகள்மீதும் கைத்தொழில் செய்கிறவர்கள்மீதும் லைசென்ஸ் வரி. வடக்கே விவசாயி தலையில் நிலத்தின்மேல் கூடுதல் வரி. கை நிறையச் சம்பளம் வாங்கிய உத்தியோகஸ்தர்களுக்கும் வக்கீல்களுக்கும் விலக்கு! சூரத்தில் கடையடைத்துக் கலகம் செய்தார்கள். இது போதாதென்று, பஞ்சம் முழுதாக ஓயுமுன்பே சென்னை, பம்பாய் மாகாணங்களில் உப்பு வரியை மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தினார்கள். கஞ்சிக்குப் போடுகிற உப்புக்கும் வரி.

அந்த ஒன்றரைக் கோடியைப் பஞ்சத்தைத் தவிர வேறெதற்கும் தொடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வருஷ முடிவிலேயே ஆப்கானிஸ்தானத்தில் யுத்தம் தொடங்கியது. பணத்துக்கு நெருக்கடி. வாக்கு காற்றில் போயிற்று. கேட்டபோது, தனியாக ஒரு நிதி என்று நாங்கள் எப்போது சொன்னோம் என்றார்கள்.

ஆக, ஏழையின் பெயரைச் சொல்லி ஏழையிடமே வாங்கி, ஏழைக்குத் தராமல் விடவும் வரியால் முடியும். தர்மத்தை ஆதரிக்கிறவர்கள் இந்த இடத்தில் துள்ளிக் குதிக்கலாம். ஆனால் அதே சர்க்கார் அமைத்த பஞ்சக் கமிஷனின் 1880 அறிக்கையை அவர்கள் படிக்க வேண்டும். பஞ்சத்தில் உயிரைக் காப்பது அரசின் கடமை என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. பின்னால் வந்த பஞ்சச் சட்டக்கோவைகளுக்கு அதுதான் அஸ்திவாரம். ஆனால் கடமை என்று சொன்ன அதே கமிஷன் உரிமை என்று சொல்லப் பயந்தது. பஞ்ச காலத்தில் உதவி கேட்க ஏழைக்கு உரிமை உண்டென்று ஒத்துக்கொண்டால், நாளைக்கு எல்லாக் காலத்திலும் உரிமை உண்டென்று வந்து நிற்பான், அது பெரிய ஆபத்து என்று எழுதியது. இந்திய ஜனங்கள் இயல்பிலேயே தர்மவான்கள், ஊரும் உறவும் பார்த்துக்கொள்ளும் என்பதும் அவர்களுக்குச் சௌகரியமான வாதமாக இருந்தது. இத்தனைக்கும் அவர்கள் சொந்த நாட்டில் 1601லிருந்து ஏழைகளுக்கென்றே ஊர்தோறும் வரி வசூலித்துவந்தார்கள். அங்கே சட்டம், இங்கே உங்கள் தர்ம குணம்!

குஞ்சரத்தம்மாளின் கஞ்சியை இப்படிக்கூட உபயோகிக்கலாம் என்று அந்த அம்மாள் நினைத்திருக்கமாட்டார். கொடுக்கிறவன் மனசு சுத்தமாக இருக்கலாம். அதைக் காட்டி, கொடுக்க வேண்டியவன் தப்பித்துக்கொள்கிறான்.

டெம்பிளின் ஒரு பவுண்டு தானியத்துக்கும் பின்னால் நாம் பார்த்த சத்துணவுக்கும் இடையில் மாறியது என்ன? இரண்டும் சர்க்கார் பணம். மண் சுமந்தவனுக்கு டெம்பிளைக் கேட்க வழியில்லை, ஓட்டு இல்லை. அவனுக்காகக் கேட்க கார்னிஷ் போன்ற ஒரு டாக்டரும் டிக்பி போன்ற ஒரு பத்திரிகைக்காரரும் தற்செயலாகக் கிடைத்தார்கள். ஓட்டு வந்த பிறகு கதை வேறு. காமராஜர் காலத்து மதிய உணவு முதலில் ஊரார் கொடுத்த நன்கொடையில்தான் ஆரம்பித்தது. தேவைப்பட்டால் ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுக்கவும் தயார் என்று முதலமைச்சரே பேசினார். பிறகு அரசு பெரும்பங்கைக் கொடுத்து, மிச்சத்தை உள்ளூரில் திரட்டச் சொன்னது. நன்கொடையில் ஒரு சங்கடம் உண்டு. எந்த ஊரில் பசி அதிகமோ அந்த ஊரில்தான் கொடுக்கிறவனும் குறைவு. 1982 ஜூலையில் எம்ஜிஆர் சத்துணவைத் தொடங்கியபோது, ஊரின் வசதியைப் பார்க்காமல் எல்லா ஊருக்கும் அரசுப் பணமே போனது. கஜானா தாங்காது என்று பொருளாதார நிபுணர்கள் கையைப் பிசைந்தார்கள். அதற்குப் பின் வந்த எந்தக் கட்சியும் அதை நிறுத்தத் துணியவில்லை. முட்டை சேர்ந்தது, 2022ல் காலை உணவும் சேர்ந்தது.

அந்தப் பணமும் சுத்தமான இடத்திலிருந்து மட்டும் வரவில்லை. 1981ல் மதுவிலக்கு தளர்ந்தது, 1983ல் டாஸ்மாக் வந்தது. கூலிக்காரன் குடித்த காசிலும் அவன் பிள்ளை சாப்பிட்டது. உப்பு வரியின் வாடை இன்னும் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பசிக்குச் சோறு வரிப்பணத்திலிருந்துதான் வர வேண்டும், அதையும் உரிமையாகச் சட்டத்தில் எழுத வேண்டும். 2013ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதில் ஒரு பகுதியைச் செய்தது. 1880 கமிஷன் எதற்குப் பயந்ததோ அது நடந்தது, வானம் இடிந்து விழவில்லை. அந்த வரியை யாரிடமிருந்து எடுக்கிறோம் என்ற சண்டைதான் பாக்கி. வடலூரில் வள்ளலார் 1867ல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது, எரியட்டும். கோயிலில் அன்னதானம் நடக்கட்டும், கையில் இருப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால், ‘என் வரிப்பணத்தில் இவர்களுக்கு ஏன் இலவசம்’ என்று கேட்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரேஷன் வரிசையில் நிற்கும் ஒரு அம்மாள் காலையில் சோப்பும் பல்பொடியும் வாங்கியபோது ஜிஎஸ்டி கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அவர் வருமானத்தோடு ஒப்பிட்டால், அந்தச் சோப்புக்கு நம்மைவிட அதிகமாகவே கட்டியிருக்கிறார்.

(தொடரும்)