இரண்டு ஊர்ப் பிறையும் ஒரு பெருநாளும்

இருபத்தொன்பதாம் நோன்பு நிறைவுறும் அந்திப்பொழுதில் ஆரியசாலையில் வாழும் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் இரண்டு கேள்விகள் எழும். மேல்வானத்தில் பிறை தென்பட்டதா என்பது முதற்கேள்வி. தென்காசியிலோ கடையநல்லூரிலோ மேலப்பாளையத்திலோ இருக்கும் பெற்றோர்க்கும் நாளைதான் பெருநாளா என்பது அடுத்த கேள்வி. முதற்கேள்விக்கு விடை பள்ளிவாசலிலிருந்து வந்துவிடும். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவரின் நெஞ்சை அசைப்பது இரண்டாவது கேள்வியே. சில ஆண்டுகளில் இங்கே பெருநாள் தக்பீர் முழங்கும் வேளையில், அங்கே அன்னை நோன்பிருப்பாள்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பல சமயத்தாரும் உளர். அண்டை வீட்டாரின் திருநாளை அதன் பொருளோடு அறிந்துகொள்வது யாவர்க்கும் நலம் பயக்கும் ஆதலின், சில செய்திகளை இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

ரமலான் என்பது இஸ்லாமிய ஆண்டின் ஒன்பதாம் மாதம். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், அம்மாத நோன்பு கடமையாக்கப்பட்டது. சந்திரனைக் கொண்டு கணக்கிடும் ஆண்டு ஏறத்தாழ 354 நாள்களே கொண்டது. எனவே நோன்பு மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள்கள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. மாதம் 29 நாளா, 30 நாளா என்பதைப் பிறையே தீர்மானிக்கும். பிறை கண்டோர் சாட்சி கூற, தமிழ்நாட்டில் தலைமைக் காஜியும், கேரளத்தில் ஆங்காங்குள்ள காஜிமாரும் இமாம்களும் பெருநாளை அறிவிக்கின்றனர். மலைக்கு அப்பால் ஒரு வானம், இப்பால் ஒரு வானம். ஓரிடத்தில் முகில் மறைத்த பிறை மற்றோரிடத்தில் தெரியலாம். இதனாலேயே இரு மாநிலங்களிலும் பெருநாள் சில சமயம் வெவ்வேறு நாளில் அமைகிறது.

இது புதிய சிக்கல் அன்று. நபிகள் நாயகத்தின் தோழர்கள் காலத்திலேயே எழுந்தது. குறைப் என்பவர் ஓர் அலுவலாக மதீனாவிலிருந்து சிரியாவுக்குச் சென்றிருந்தார். அங்கே ரமலான் பிறையைக் கண்டு நோன்பு தொடங்கினார். மாத இறுதியில் மதீனா திரும்பியபோது, அங்குள்ளோர் ஒருநாள் பின்னரே பிறை கண்டதை அறிந்தார். சிரியாவின் பிறை போதாதா என அவர் வினவ, நாங்கள் கண்ட பிறையின்படியே நோன்பை நிறைவு செய்வோம் என்று இப்னு அப்பாஸ் விடையிறுத்தார். ஷாஃபிஈ வழியினர் இதனையே சான்றாகக் கொள்வர். ஓரிடத்துப் பிறை பிற இடத்தார்க்கும் பொருந்தும் என்னும் கருத்து ஹனஃபீ வழியில் வலிமையுடையது. எவ்வாறாயினும், வாழும் ஊராரோடு சேர்ந்து நோற்று, அவரோடு சேர்ந்து பெருநாள் காண்பதே பொது வழக்கு. இங்கு முப்பது நோன்பும் முடித்து ஊருக்குச் சென்றவர், அங்கே இன்னும் நோன்பாயின் தாமும் அவர்களோடு ஒருநாள் நோற்க வேண்டும் என்பது ஷாஃபிஈ நூலார் கூறும் விதி.

இப்பெருநாளை ஈகைத் திருநாள் என்று அழைப்பதற்குக் காரணம் ஃபித்ரா என்னும் தானம். ஆண்டுச் சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்காகக் கொடுக்கும் ஜகாத்தினின்றும் இது வேறானது. ஃபித்ரா ஆளுக்கு ஒரு ‘ஸாஉ’. இரு கைகளாலும் நான்கு முறை அள்ளும் அளவு அது. இன்றைய எடையில் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை ஆகும். அந்தந்த ஊரின் முதன்மை உணவுப்பொருளைக் கொடுப்பது ஷாஃபிஈ முறை. கோதுமையாயின் அரை ஸாஉ, அல்லது அதன் விலை என்பது ஹனஃபீ முறை. ஐவர் உள்ள குடும்பம் பன்னிரண்டரை முதல் பதினைந்து கிலோ அரிசி கொடுக்க வேண்டிவரும். கைக்குழந்தைக்கும் விலக்கில்லை. பெருநாள் தொழுகைக்கு முன்னரே அது ஏழையின் வீட்டை அடைய வேண்டும். அன்று எவர் வீட்டிலும் அடுப்பு அணைந்திருத்தல் ஆகாது என்பதே கருத்து.

ஷாஃபிஈ முறையில் அன்றைய உணவுக்குமேல் சிறிது மிகுதியுடையவரும் ஃபித்ரா கொடுக்கக் கடமைப்பட்டவரே. ஆதலின் ஒருகையால் பெற்றவர் மறுகையால் கொடுப்பதும் உண்டு. வாங்குவோர் என்றும் வழங்குவோர் என்றும் நிலையாகப் பிரிந்து நிற்பதற்கு இங்கே இடமில்லை.

வெளியூர் வாழ்வார் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இனித்தான் வருகிறது. இறுதி நோன்பின் கதிரவன் மறையும்போது ஒருவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, அந்த ஊர் ஏழைக்கே அவருடைய ஃபித்ரா உரியது என்கின்றனர் ஷாஃபிஈ நூலார். குடும்பம் ஊரில் இருப்பின் அவர்கள் பங்கு அங்கே. இவர் பங்கு இங்கே. ஹனஃபீ வழியில், வறிய உறவினர்க்காகவோ மிகுந்த தேவையுடையார்க்காகவோ வேற்றூருக்கு அனுப்ப இடமுண்டு. ஈட்டியதையெல்லாம் பிறந்த ஊருக்கே அனுப்ப விழையும் நம்மவர்க்கு, உழைத்து உண்ணும் ஊருக்கும் ஓர் உரிமை உண்டென்று இவ்விதி நினைவூட்டுகிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருப்பெற்ற சாலைக் கம்போளம் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறிட்டது. அத்தெருவில் வாங்கிய அரிசி, அவ்வூர் எளியவரின் உலையிலேயே கொதிப்பது பொருத்தமன்றோ?

பெருநாள் காலையில் நீராடி, புத்தாடை அணிந்து, மணம் பூசி, பேரீச்சம்பழமோ பிற இனிப்போ உண்டு தொழுகைக்குச் செல்வர். அன்று நோன்பிருத்தல் விலக்கப்பட்டது. மணக்காட்டுப் பெரிய பள்ளியிலும், கணபதி கோயிலும் கிறித்தவத் தேவாலயமும் அருகருகே நிற்கும் பாளையத்துப் பள்ளியிலும் மக்கள் அணி வகுப்பர். இரண்டு ரக்அத் தொழுகை முடிந்தபின் சொற்பொழிவு நிகழும். பின்னர் ஒருவரையொருவர் தழுவி வாழ்த்துவர். ஒருவழியாகச் சென்று மறுவழியாகத் திரும்புவது நபிவழி. அதனால் இரு தெருவிலுள்ளாரையும் கண்டு வாழ்த்துச் சொல்லும் வாய்ப்புக் கிட்டும். பெண்டிர் கைகளில் மருதாணி சிவந்திருக்கும். சமைத்த உணவு அண்டை வீடுகளுக்கும் செல்லும்.

நாம் நோன்பு என்பதை மலையாளத்தார் நோம்பு என்பர். பெருநாள், பள்ளி என்னும் சொற்களும் இரு மொழிக்கும் பொது. பிறை ஒருநாள் முன்பின்னாகத் தோன்றினும் சொல்லும் பொருளும் ஒன்றே. ஊரிலுள்ள அன்னைக்கு நாளைதான் பெருநாளாயின், இன்று இங்கே வாழ்த்துப் பெற்றவர் நாளை அவளுக்குத் தொலைபேசியில் வாழ்த்துரைக்கலாம். அவருக்குப் பெருநாள் இரட்டிப்பாயிற்று என்றே கொள்வோம்.