ஓட்டமும் இன்சுலினும்

முதல் வகை நீரிழிவு சிறுவர்க்கே உரியது என்ற எண்ணம் பரவலாக உண்டு. முப்பது, நாற்பது வயதிலும் அது தோன்றக்கூடும். நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடுபவர் திடீரென மெலிந்து, தாகத்தால் வாடும்போது, பயிற்சியின் களைப்பென்றே கருதிவிடுகிறார். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவருவதை அவர் அறிவதில்லை. உணவுப் பழக்கத்தாலோ சோம்பலாலோ இந்நோய் வருவதன்று.

நலமுள்ளவர் ஓடத் தொடங்கியதும் கணையம் இன்சுலின் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஊசியால் செலுத்திய இன்சுலினையோ திரும்பப் பெற இயலாது. உழைக்கும் தசைகளும் சர்க்கரையை ஈர்ப்பதால், இரத்தத்தில் அதன் அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் சரிந்து, நடுக்கமும் மயக்கமும் நேரலாம். குறுகிய விரைவோட்டத்தில் அட்ரினலின் சுரந்து சர்க்கரை உயர்வதும் உண்டு. ஓடிய நாளின் இரவில், உறக்கத்திலேயே அது தாழக்கூடும்.

ஆகவே, உடல் ஓசையின்றிச் செய்துவந்த கணக்கை இனி ஓடுபவரே செய்தாக வேண்டும். நெடுந்தொலைவு ஓட்டத்தை 126 முதல் 180 வரையிலான அளவில் தொடங்குவது பலர்க்கும் ஏற்றது என்கின்றனர் வல்லுநர். மருத்துவரைக் கலந்து இன்சுலினைக் குறைத்தலும், குளுக்கோஸை உடன் கொண்டுசெல்லுதலும் இன்றியமையாதவை. கீட்டோன் மிகுந்திருப்பின் ஓடலாகாது.

இக்கணக்கு கைவந்தால் களத்தை விட்டு நீங்க வேண்டியதில்லை. ஓட்டத்தைப் போன்றே கடும் பயிற்சி வேண்டும் நீச்சலில், அமெரிக்க வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு 1999இல், 24ஆம் வயதில், இந்நோய் கண்டறியப்பட்டது. 2000இல் சிட்னியிலும் 2004இல் ஏதென்ஸிலும் 50 மீட்டர் ஒலிம்பிக் தங்கத்தை அவர் வென்றார்.