சேமிப்பை இடம் மாற்றுமுன்

யாழ்ப்பாணத்தார் சிக்கனத்திற்குப் பெயர் பெற்றவர்கள். மலாயாவிலே உத்தியோகம் பார்த்து, உபகாரச் சம்பளத்துடன் ஊர் திரும்பிய முன்னோர் காலந்தொட்டே இப்பெயர் நமக்கு உண்டு. அளவெட்டி போன்ற கமக்காரக் கிராமங்களிலே புகையிலையும் வெங்காயமும் விற்ற காசில் ஒரு பங்கு நகையாகும். ஒரு பங்கு காணியாகும். எஞ்சியது சீட்டிலோ வங்கியிலோ சேரும். ஆனால், சேர்ப்பதிலே காட்டும் கவனத்தைச் சேர்த்த பணத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றும்போதும் நாம் காட்டுகின்றோமா? “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்னும் முதுமொழி வங்கியிலே போடுவதற்கும் பொருந்தும்.

இலங்கையிலே சேமிப்பு வங்கி புதிதன்று. 1832ஆம் ஆண்டிலே இலங்கைச் சேமிப்பு வங்கியும், 1885ஆம் ஆண்டிலே தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கியும் தொடங்கின. இவ்விரண்டையும் 1938இல் ஏற்பட்ட சேமிப்புப் பத்திர நிதியையும் ஒன்றாக்கி, 1971ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய சேமிப்பு வங்கி நிறுவப்பட்டது. தபாற்கந்தோரிலே ரூபா ரூபாவாய்ச் சேர்த்த காலம் போய், ஓய்வுபெற்றோர் இலட்சக்கணக்கிலே நிலையான வைப்பிலிட்டு, மாதாமாதம் வரும் வட்டியையே நம்பி வாழும் காலம் வந்துவிட்டது. ஆதலின் அவ்வட்டியிலே ஏற்படும் சிறு குறைவும் அடுப்படி வரை சென்று தாக்கும்.

அத்தகைய குறைவுகளுள் ஒன்று வரி. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலே வட்டி மீதான பிடித்துவைத்தல் வரி நீக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடியின் பின்னர், 2023 சனவரி முதல், வட்டியில் நூற்றுக்கு 5 வீதம் முற்பணமாகக் கழிக்கும் முறை வந்தது. 2025 ஏப்ரல் 1ஆம் திகதி தொடக்கம் அது நூற்றுக்கு 10 ஆக உயர்ந்தது.

இதன் பொருளை ஒரு கணக்கினால் விளக்கலாம். முதிய தாயார் ஒருவர் 15 இலட்சம் ரூபாவை நூற்றுக்கு 8 வட்டிக்கு ஓராண்டு வைப்பிலிட்டு, வட்டியை மாதந்தோறும் பெறுகின்றார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு வட்டி 1,20,000 ரூபா. மாதத்திற்கு 10,000 ரூபா. அதிலே மாதம் 1,000 ரூபா கழிக்கப்பட்டு, அவர் கையிற் சேர்வது 9,000 ரூபாவே. ஆண்டுக்கு 12,000 ரூபா குறைகின்றது. மருந்துச் செலவு மிகுந்த வயதில் இது சிறு தொகை அன்று.

ஆனால் அத்தாயார் இத்தொகையை இழக்கவேண்டியவரல்லர் என்பதே கவனிக்கத்தக்கது. வரிவிலக்கின் எல்லை 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாக உயர்த்தப்பட்டது. எல்லா வழிகளாலும் வரும் வருமானம் அவ்வெல்லைக்குள் அடங்குபவர், அதனை உறுதிப்படுத்தும் சுயபிரகடனப் படிவத்தை நிரப்பித் தமது வங்கியிற் கொடுத்தால், வட்டியில் வரி கழிக்கப்படமாட்டாது. படிவத்தைக் கொடாதவரிடம் வங்கி கழித்தே தீரும். அவர் ஏழையோ செல்வரோ என்பதை வங்கி ஊகித்தறிய இயலாது. கழித்த பின்னர் இறைவரித் திணைக்களத்திடம் மீளக் கோரலாமேனும், அதற்கு அலைச்சலும் காத்திருப்பும் மிகும். எல்லையைக் கடந்த வருமானம் உடையவர்க்கு இப்படிவம் உரியதன்று. அவரிடம் கழிக்கப்பட்ட தொகை அவரது ஆண்டு வரிக்கணக்கில் வரவு வைக்கப்படும்.

இடம் மாற்றுவோர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு வங்கியிற் கொடுத்த பிரகடனம் மற்றொரு வங்கிக்குச் செல்லாது. கூடிய வட்டி தருகின்றார்கள் எனக் கேள்விப்பட்டுப் பணத்தைப் புதிய வங்கிக்குக் கொண்டுபோகின்றவர், பழைய இடத்திற் கொடுத்த படிவத்தை நம்பியிருந்தால், பெற்ற உயர்வை வரியிலே விட்டுவிடுவார். நூற்றுக்கு 8இலிருந்து 8½ ஆக வட்டி உயர்ந்தாலும், பத்திலொரு பங்கு கழிந்தபின் கைக்கு வருவது 7.65 தானே! ஆகவே கணக்கைத் திறக்கும் அன்றே படிவத்தையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். வருமானம் ஆண்டுக்காண்டு மாறுவதாகலின், ஒவ்வோர் ஏப்ரலிலும் அவ்வாண்டுக்கு வேண்டியது யாதென வங்கியிலே விசாரித்துக்கொள்ளுதலும் நன்று.

அடுத்தது காலம். முதிர்வுத் திகதிக்கு முன்னே வைப்பை முறிப்பவர்க்கு ஒப்புக்கொண்ட வட்டி முழுவதும் கிடைப்பதில்லை. குறைந்த வட்டியே கணக்கிடப்படும். முதிர்ந்த பின்னும் வாளாவிருந்தால், பெரும்பாலான வங்கிகள் அன்றைய வீதத்திலே அதே காலத்திற்கு வைப்பைப் புதுப்பித்துவிடும். மாற்ற விரும்புபவர் முதிர்வுத் திகதிக்குச் சில நாள் முன்னரே எழுத்திலே அறிவித்தல் வேண்டும். பஞ்சாங்கத்திலே விரத நாளைக் குறிப்பதுபோல இத்திகதியையும் குறித்துவைத்தல் தகும்.

நிலையான வட்டி இருபுறமும் கூரான கத்தி என்பதை 2022ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது. அவ்வாண்டு ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை நூற்றுக்கு 7 என்ற அளவில் ஒரே நாளில் உயர்த்தியது. அதற்குச் சற்று முன்னர் குறைந்த வீதத்திலே நீண்ட காலத்திற்குப் பணத்தைக் கட்டிப்போட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள். செப்டெம்பரிலே தேசிய நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 73.7 வீதத்தைத் தொட்டது; எந்த வைப்பின் வட்டியும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பின்னர் வட்டி இறங்கியபோது, உயர்ந்த வீதத்திலே வைப்பிட்டிருந்தவர்கள் அதன் பயனை முதிர்வு வரை துய்த்தார்கள். எதிர்காலத்தை எவரும் அறியார். ஆதலின் முழுத் தொகையையும் ஒரே திகதியில் முதிருமாறு வையாது, மூன்று நான்கு பங்குகளாக்கி வெவ்வேறு மாதங்களில் முதிருமாறு வைப்பது விவேகம். அவசரம் நேர்ந்தால் ஒரு பங்கை மட்டும் முறித்தாற் போதும்.

பணத்தின் காப்பையும் எண்ணுதல் வேண்டும். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புக்களுக்கு அரசாங்கமே சட்டப்படி முழு உத்தரவாதம் அளிக்கின்றது. அனுமதி பெற்ற ஏனைய வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் வைப்புக் காப்புறுதி உண்டு. ஆனால் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரையே. வட்டி கூடிய இடத்தைக் கண்டதும் ஓடுவோர் இவ்வெல்லையை மறவாதிருப்பாராக.

கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளுக்கும் இதே பாடம் வேறு உருவிலே உண்டு. இங்கிலாந்திலே 1999 ஏப்ரலில் “ஐசா” என்னும் தனிநபர் சேமிப்புக் கணக்கு தொடங்கப்பட்டது. அதில் வரும் வட்டிக்கு வரியில்லை. 2017 முதல் ஒருவர் ஆண்டுக்கு 20,000 பவுண் வரை அதில் இடலாம் என்றிருந்தது; 65 வயதிற்குக் குறைந்தோர் காசாக வைக்கும் தொகைக்கு 2027 ஏப்ரல் முதல் 12,000 பவுண் என எல்லை விதிப்பதாக 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. பழைய ஐசாவிலுள்ள பணத்தை நிலையான வட்டி தரும் புதிய ஐசாவிற்கு மாற்ற விரும்புபவர், அதைத் தம் கையாலே எடுத்துச் சென்று இடலாகாது. எடுத்த கணமே அது வரிவிலக்கை இழந்து சாதாரணப் பணமாகிவிடும். மீண்டும் இடுவது பெரும்பாலும் அவ்வாண்டின் எல்லைக்குள் எண்ணப்படும். புதிய வங்கியின் மாற்றுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், இரு வங்கிகளும் தமக்குள்ளே பணத்தை மாற்றிக்கொள்ளும். காசு ஐசாக்களிடையே இது 15 வேலைநாட்களுள் முடியவேண்டும் என்பது விதி. பழைய கணக்கும் நிலையான வட்டியுடையதாயின், காலத்திற்கு முன் நீங்குவதற்கான தண்டம் எவ்வளவு என்பதை முதலிலே கேட்டறிதல் வேண்டும்.

அளவெட்டியிலும் சரி, இலண்டனிலும் சரி, வரிச்சலுகை பணத்தோடு தானாக ஒட்டிவருவதில்லை. உரிய படிவத்தைக் கொடுத்தவரையே அது சேரும். படிவங்களைக் கண்டு தயங்குவோர் நம் முதியோரே. மாத வட்டி வந்த அன்று பேரப்பிள்ளை ஒருவர் பாட்டியுடன் அமர்ந்து, வங்கிக் கணக்குக் கூற்றிலே வரி என்று ஏதேனும் கழிக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்துச் சொல்லட்டும். கழிக்கப்பட்டிருந்தால், மறுநாளே அவரை வங்கிக்கு அழைத்துச் சென்று படிவத்தைக் கேட்கட்டும். அரைநாள் வேலை அது. அத்தாயாருக்கோ மாதம் 1,000 ரூபா.