விலை கேட்ட காலமும் டியூ கேட்கும் காலமும்

போன மாதம் மகனோடு ஒரு கார் ஷோரூமுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் ஏசி குளிர், உட்கார்ந்ததும் காபி. எதிரே அமர்ந்த விற்பனையாளருக்கு என் மகனைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். நான் என் காலத்து ஆள் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

“விலை என்ன தம்பி?”

அவர் சிரித்துக்கொண்டே, மகன் பக்கம் திரும்பினார். “சார், மாசம் எவ்வளவு டியூ கட்டினா உங்களுக்கு வசதியா இருக்கும்?”

நான் கேட்டதற்குப் பதில் கடைசிவரை வரவில்லை. டியூ எவ்வளவு என்பதை மட்டும் நாலு விதமாகப் போட்டுக் காட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நாற்பது வருஷத்தில் கார் மாறியிருக்கிறது, ரோடு மாறியிருக்கிறது. எல்லாவற்றையும்விட, கார் வாங்கப் போகிறவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி மாறியிருக்கிறது.

அன்று

1984-ல் என் அப்பாவுக்குப் பிடித்தம் போகக் கைக்கு வந்த சம்பளம் 1,200 ரூபாய். மதுரையில் எங்கள் தெருவில் ஒரே ஒரு கார், டாக்டர் வீட்டு பியட். கிராமத்தில் என் பாட்டிக்கு எந்தக் காரும் ‘பிளசர்’தான். கல்யாணம், பிரசவம், இழவு, இந்த மூன்றுக்கும்தான் பிளசர் வீட்டு வாசலுக்கு வரும். டாக்சி ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பி அம்பாசிடரைக் கூட்டி வருவார்கள். முன்சீட்டில் டிரைவரை ஒட்டி இரண்டு பேர், பின்னால் ஐந்து பேர், அவர்கள் மடியில் பிள்ளைகள், டிக்கியில் சீர்வரிசைப் பாத்திரம். இடம் இல்லை என்று அந்த வண்டி யாரையும் விட்டுவிட்டுப் போனதாக நினைவில்லை.

மாருதி வரும்வரை கார் என்றால் பல வருஷமாக மூன்றே பெயர்தான். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவிலிருந்து அம்பாசிடர், பம்பாயிலிருந்து பியட் (பிற்பாடு அதற்கே பிரீமியர் பத்மினி என்று பெயர்), நம் சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரிலிருந்து ஸ்டாண்டர்டு. வருஷத்துக்கு எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு அரசின் லைசென்ஸ் வேண்டும். ஒரு காலத்தில் விலையைக்கூட அரசே நிர்ணயித்தது. அந்தத் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர்கள், ஓடிய வண்டியைப் புது வண்டி விலைக்கு மேலே ‘பிரீமியம்’ கொடுத்து வாங்கினார்கள். அதாவது, அன்று கார் வாங்கியவருக்கு அது நிலம் வாங்கிப்போட்ட மாதிரி. ஓட்டிவிட்டு விற்றாலும் கை கடிக்காது. கார் ஒரு சொத்து என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்வது அந்தக் காலத்துப் பழக்கம்.

1983 டிசம்பர் 14-ஆம் தேதி மாருதி 800-இன் முதல் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். ஐம்பதாயிரத்தை ஒட்டிய விலை. அதற்கு முன்பே தலைக்கு 10,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்தவர்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல். எங்கள் அப்பாவும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அவர் காலமான பிறகு பீரோவைக் குடைந்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

அப்பாவிடம் நீளவாக்கில் திறக்கும் கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. மாதத்தின் முதல் வரி எப்போதும் சேமிப்பு: தபால் ஆபீஸ் ஆர்.டி. 100, சீட்டு 150. அதற்குக் கீழேதான் வாடகை, அரிசி, பால். 1984-ஆம் வருஷ நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘மாருதி’ என்று தலைப்புப் போட்டு, இடது பக்கம் விலை, இன்சூரன்ஸ், பெட்ரோல், ரிப்பேர். வலது பக்கம் ஒரே வரி: ‘டாக்சி, வருஷத்துக்கு 4 தடவை, 150 வீதம் 600’. அதற்குக் கீழே இரண்டு கோடு. அவ்வளவுதான். வேண்டாம் என்றுகூட எழுதவில்லை.

அந்த நோட்டைப் பார்த்தபோது அப்பா பெரிய சிக்கனக்காரர் என்று பெருமைப்பட்டேன். இப்போது யோசித்தால், பாதிப் பெருமைதான் அவருக்கு. அவர் ஆசைப்பட்டிருந்தாலும் அன்று 1,200 ரூபாய் சம்பளக்காரருக்குக் காருக்குக் கடன் கொடுக்க ஆள் கிடையாது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் கொடுக்கும் பைனான்ஸ் கம்பெனிகள் இருந்தன. சென்னையில் சுந்தரம் பைனான்ஸ் 1954-லேயே தொடங்கியாகிவிட்டது. ஆனால் அந்தக் கடன் சம்பாதிக்கிற வண்டிக்கு. கடன் கிடைத்தாலும் வண்டி கிடைக்க வரிசை. அந்த வரிசையில் நிற்கும்போதே ஆசை ஆறிவிடும், அல்லது பணம் சேர்ந்துவிடும். சேர்ந்த பணத்துக்கும் நல்ல தீனி கிடைத்தது. 1986 முதல் 2000 தொடக்கம் வரை பி.பி.எஃப். வட்டி 12 சதவீதம். 1988-ல் வந்த கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை வருஷத்தில் இரட்டிப்பு. சேமிக்கிறவனைத் தூக்கிவிட்டு, செலவு செய்கிறவனைக் காக்கவைத்த காலம் அது. அப்பா பாதி சேமித்தார். மீதியைப் பற்றாக்குறை சேமித்துக் கொடுத்தது.

நடுவில்

1991-க்குப் பிறகு வரிசை கலைந்தது. சென்னையைச் சுற்றியே தொழிற்சாலைகள் வந்தன. மறைமலைநகரில் ஃபோர்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய். 1998-ல் சான்ட்ரோ வந்தபோது, நம் ஊர்ப் பையன்கள் பூட்டிய கார் என்று ஒரு சந்தோஷம். வங்கிகள் வீடு தேடி வந்து கார் கடன் கொடுக்க ஆரம்பித்தன. நானும் கடன் வாங்கித்தான் முதல் காரை வாங்கினேன். செகண்ட் ஹேண்ட், மூன்று வருஷ டியூ.

2008-ல் டாடா நிறுவனம் ஒரு லட்ச ரூபாய் கார் என்று நானோவைக் காட்டியது. ஸ்கூட்டரில் நாலு பேர் போகிற குடும்பங்கள் எல்லாம் அதற்கு மாறிவிடும் என்றார்கள். மாறவில்லை. சுமார் பத்து வருஷத்தில் அதன் உற்பத்தி ஓய்ந்துபோனது. காரணங்கள் பல இருக்கலாம். தெருவில் நான் கேட்ட காரணம் ஒன்று: “இருக்கிறதுலயே விலை கம்மியான கார்னு பேர் வாங்கிட்டு அதை வாசல்ல நிறுத்தணுமா?” 2014-ல் மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் நின்றது. அந்த வருஷத்தோடு கார் வைத்திருக்கிறோம் என்பதில் இருந்த பெருமை தீர்ந்தது. என்ன கார் வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கும் பெருமை தொடங்கிவிட்டது.

இன்று

கணக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கை. அன்று மாருதி 800 அப்பாவின் மூன்றரை வருஷச் சம்பளம். இன்று சந்தையில் கிடைக்கும் மலிவான புதுக் கார் நாலு லட்ச ரூபாயை ஒட்டியது. என் மகனுக்குக் கைக்கு வருவது 70,000 ரூபாய். ஆறு மாதச் சம்பளத்தில் ஒரு கார்! தாத்தாவோடு ஒப்பிட்டால் பேரனுக்குக் கார் ஏழில் ஒரு பங்கு விலை. மிச்சம் எங்கே போகிறது? மேல்மாடலுக்குப் போகிறது. அவன் பார்த்து வைத்திருப்பது சன்ரூஃப் வைத்த வண்டி, விலை 10 லட்சத்துக்குச் சற்று மேல். 2025 செப்டம்பர் 22-ல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தபோது நான் “நல்லது, கடன் குறையும்” என்றேன். அவன் “நல்லது, டாப் எண்ட் எடுக்கலாம்” என்றான்.

ஷோரூமில் போட்டுக் காட்டிய கணக்கை வீட்டில் உட்கார்ந்து நான் திரும்பப் போட்டேன். 8 லட்ச ரூபாய் கடன், 9 சதவீத வட்டி. ஐந்து வருஷம் என்றால் மாத டியூ சுமார் 16,600. ஏழு வருஷம் என்றால் சுமார் 12,870. கேட்கிறவன் காதுக்கு இரண்டாவதுதான் இனிக்கும். ஆனால் மொத்த வட்டி ஐந்து வருஷத்தில் 1.96 லட்சம், ஏழு வருஷத்தில் 2.81 லட்சம். மாதம் 3,700 ரூபாய் குறைத்துக் கொடுத்ததற்கு 85,000 ரூபாய் கூலி.

இன்னொரு பக்கம், வண்டி தேய்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியின் மதிப்பைப் போட ஒரு தேய்மானப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் தாண்டினால் 15 சதவீதம் கழிவு, நாலு வருஷம் தாண்டினால் 50 சதவீதம். ஏழு வருஷக் கடன் எடுத்தவனுக்கு ஐந்தாம் வருஷ முடிவில் வண்டி பாதி விலைக்கு வந்திருக்கும். கடனில் இன்னும் 2.8 லட்சம் பாக்கி நிற்கும். நிலம் மாதிரி இருந்த கார் இன்று கோடைக் காலத்து ஐஸ் கட்டி மாதிரி.

எக்ஸ் ஷோரூம் விலையோடு கதை முடிவதும் இல்லை. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் காருக்கும் அந்தப் பக்கம் இருக்கும் காருக்கும் வரியில் மட்டும் அரை லட்சம் வித்தியாசம். பிறகு மூன்று வருஷ தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், பெட்ரோல், டயர், சர்வீஸ், அபார்ட்மென்டில் நிறுத்த இடம். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று சும்மாவா சொன்னார்கள்?

சேமிப்பின் பக்கம் காற்று குறைந்துவிட்டது. அப்பா காலத்தில் 12 சதவீதம் கொடுத்த பி.பி.எஃப். 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம். “இதுல போட்டு என்னப்பா வளரப்போகுது?” என்கிறான் மகன். வட்டி குறைந்தது நிஜம். ஆனாலும் மாதம் 6,000 ரூபாயை 7 சதவீத வட்டியில் ஏழு வருஷம் போட்டால் 6.4 லட்சத்துக்கு மேல் வரும். அதே 6,000 டாப் எண்டுக்கும் பேஸ் மாடலுக்கும் நடுவில் டியூவாகப் போனால், ஏழு வருஷம் கழித்துக் கையில் இருப்பது பழைய சன்ரூஃப்.

இதையெல்லாம் சொல்வதால் காரே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்பா தப்பித்தார் என்றால், டவுன் பஸ்ஸில் ஆபீஸ் போகிற தூரத்தில் வீடு இருந்தது, அவசரத்துக்குத் தெருவே ஓடி வந்தது. இன்று ஆபீஸ் முப்பது கிலோமீட்டரில். நடுராத்திரி அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் கதவைத் தட்ட ஆள் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்குச் சொந்த வண்டி ஆடம்பரம் ஆகாது. தேவை இருக்கிறவர்கள் வாங்கத்தான் வேண்டும். எந்தத் தேவைக்கு எவ்வளவு பெரிய வண்டி என்பதில்தான் கணக்கு இருக்கிறது. என் மகனுக்குக் கம்பெனி வண்டி வாசலுக்கு வருகிறது. அவன் கார் ஓடப்போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். தாத்தா நோட்டின் வலது பக்கத்து டாக்சி வரியை அவன் போனிலேயே போட்டுப் பார்க்கலாம். ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பக்கூட வேண்டாம்.

20-4-10 என்று ஒரு கணக்கு நிபுணர்கள் மத்தியில் புழங்குகிறது: 20 சதவீதம் முன்பணம், நாலு வருஷத்துக்குள் கடன், வண்டிச் செலவு எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் 10 சதவீதம். நம் சம்பளத்துக்கும் நம் ஊர்க் கார் விலைக்கும் கடைசிப் பத்து ஒத்துவருவது கஷ்டம். நான் மகனுக்குச் சொன்னது அதைவிட எளிது: டியூ, மாதா மாதம் நீ சேமிக்கும் தொகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தக் கார் உனக்கு ஒரு சைஸ் பெரிது.

அதோடு இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். 12,870 டியூ, பெட்ரோலுக்கும் இன்சூரன்ஸுக்கும் 6,000, ஆக மொத்தம் சுமார் 19,000 ரூபாய். கார் வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு, அந்தப் பணத்தை ஆறு மாதம் ஆர்.டி.யில் கட்டிப் பார். மூச்சு முட்டினால் கார் பெரிது என்று அர்த்தம். முட்டாவிட்டால் ஒரு லட்சத்துக்கு மேல் முன்பணம் சேர்ந்திருக்கும்; கடன் அந்த அளவுக்குக் குறையும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் இல்லை.

முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தான். இந்த மாதம் ஐந்தாம் தேதி முதல் தவணை போயிருக்கிறது. அன்று அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து நம்மை வரிசையில் நிற்க வைத்தார்கள். இன்று நிற்க வைக்க ஆள் இல்லை. கார் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒரு வரிசை போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஷோரூமுக்குப் போகும் முன் ஆறு மாதம் அந்த டியூவை உங்களுக்கே கட்டிப் பாருங்கள். பிறகு போய், முதலில் விலையைக் கேளுங்கள்.