மூன்று தரம் சொல்லாத ஏலம்

வெளிநாட்டு இணைய ஏலத் தளம் ஒன்றில் ஒரு பழங்காசுக்கு 100 டாலர் வரை தரத் தயார் என்று பதிவு செய்தவருக்கு அது 62 டாலருக்கே கிடைத்துவிடும்போது, மிச்சமுள்ள 38 டாலரைத் தளம் ஏன் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. இது தள்ளுபடியும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. அந்த 62 டாலர் என்ற விலையை முடிவு செய்தவர் 61 டாலரோடு நின்றுவிட்ட இன்னொருவர். அவர் யாரென்று வென்றவருக்குத் தெரியாது, அவர் வேறொரு கண்டத்தில் இருக்கவும் கூடும். ஏலத்தில் தோற்றவரே விலையை நிர்ணயிக்கிறார் என்னும் இந்த விந்தையான ஏற்பாட்டை விளங்கிக்கொண்டவருக்கு, இணைய ஏலத்தைப் பற்றிச் சொல்லப்படும் வீரதீரக் கதைகளில் பெரும்பகுதி தேவைப்படாது.

ஈபே முதலிய தளங்களில் ஏலம் கேட்பவர் தாம் தரக்கூடிய உச்சத் தொகையை ஒரே ஒரு முறை எழுதிவைக்கிறார். அத்தொகை மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. தளத்தின் கணினி அவருடைய பதிலாளாக நின்று, யாரேனும் எதிர்த்துக் கேட்கும்போதெல்லாம் அவரை மிஞ்சுவதற்குத் தேவையான ஒரே ஒரு படியை மட்டும் ஏற்றுகிறது. 25 டாலருக்கும் 100 டாலருக்கும் இடைப்பட்ட விலைகளில் ஈபேயின் படி 1 டாலர் என்பதால், இரண்டாமவர் 61 டாலரில் நின்றதும் முதலாமவரின் விலை 62 டாலரில் நிலைகொள்கிறது.

பழவேற்காடு ஏரியின் தென்கரையிலுள்ள தோணிரேவு போன்ற ஊர்களில் மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. கரைக்கு வந்த ஒரு கூடை இறாலை வீட்டு விருந்துக்கு எடுக்க விரும்பும் அக்கா ஒருத்தி, தன்னால் போக முடியாத நிலையில் தம்பியை அனுப்பி, “அறுநூறு வரைக்கும் கேளு, அதுக்கு மேல வேணாம்” என்று சொல்வதாகக் கொள்ளலாம். தம்பி நேர்மையானவன், எதிராள் 440 என்றால் 450 என்பான், எதிராள் ஓய்ந்துவிட்டால் அந்த 450 ரூபாயிலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு வருவான். இவன் எப்படியும் அறுநூறு கொடுத்துவிடுவான் என்று அஞ்சிய அக்கா, சாமர்த்தியமாக 430 என்று குறைத்துச் சொல்லியிருந்தால், தனக்கு 600 ரூபாய் பெறுமானமுள்ள கூடை 440 ரூபாய்க்கு வேறு வீட்டுக்குப் போவதைப் பார்க்க நேர்ந்திருக்கும். மாறாக, தோற்கக்கூடாது என்ற வீம்பில் 900 வரை போகச் சொல்லியிருந்தால், எதிராளும் அதே வீம்பில் 850 கேட்கும் நாளில் 600 ரூபாய் இறாலுக்கு 860 ரூபாய் அழுதிருப்பாள். குறைத்துச் சொன்னால் இழப்பு வரக்கூடும், கூட்டிச் சொன்னாலும் இழப்பு வரக்கூடும். உள்ளதை உள்ளபடி சொன்னால் எந்த நிலையிலும் பாதகமில்லை. உண்மை பேசுவதே ஆதாயமானதாக அமையும்படி ஒரு விளையாட்டின் விதிகளை அமைக்க முடியும் என்பது கணிதத்தின் அழகான கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

இந்த ஒப்புமையை இன்னும் சற்று இழுத்துப் பார்க்கலாம். எதிர்வீட்டு அத்தையும் அதே தம்பியிடமே 440 வரை கேட்கச் சொல்லி அனுப்பினால், இரண்டு எண்களும் அவனுக்கே தெரிந்துவிடுவதால், கரையில் நின்று கூவ வேண்டிய தேவையே இல்லாமல் கூடை 450 ரூபாய்க்கு அக்காவுக்கு என்று அவன் மனத்துக்குள்ளேயே முடித்துவிடுவான். ஆயிரக்கணக்கான அக்காக்களும் அத்தைகளும் தங்கள் எண்களை ஒரே தம்பியிடம் ஒப்படைப்பதே இணைய ஏலம். அவன் அந்த எண்களை மீன்காரரின் காதில் போட்டுவிட்டால் எல்லாம் கெட்டது. மீன்காரரே தம் மச்சானைக் கூட்டத்தில் நிறுத்திப் பொய்யாக விலையேற்றினாலும் கெட்டதுதான். விற்பவரின் ஆள் இரண்டாமவராக வேடமிடும் இந்தக் கள்ளக் கேள்வியைத் தளங்கள் தடைசெய்திருப்பதற்குக் காரணம், இரண்டாமவரின் சொல்லே இங்கு விலையாகிறது என்பதுதான். ஆயினும் ஓரிடத்தில் ஒப்புமை முறிகிறது: தம்பி செவுளைத் தூக்கிப் பார்ப்பான், மோந்து பார்ப்பான், கெட்டிருந்தால் திரும்பி வருவான், கணினிக்கு எண் ஒன்றே தெரியும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கனடாவில் பிறந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பொருளியலாளர் வில்லியம் விக்ரி, வென்றவர் இரண்டாம் விலையைச் செலுத்தும் மூடிய ஏலத்தின் இலக்கணத்தை 1961இல் வகுத்தார். 1996இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் காலமானார். அவருக்கு வெகு முன்னரே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நேரில் வர இயலாத தூரத்து வாடிக்கையாளர்களுக்காகத் தபால்தலை வணிகர்கள் இதே முறையைக் கையாண்டிருக்கிறார்கள் என்பதால், இணையம் கண்டுபிடித்த புதுமை என்று இதனை விளம்பரப்படுத்துவது பொருந்தாது. எல்லை தாண்டிய ஏலமும் பழவேற்காட்டுக்குப் புதிதன்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பி, 1690 வரை சோழமண்டலக் கரைக்கு இதனையே தலைமையிடமாக வைத்திருந்த காலத்தில், இக்கரையில் நெய்த துணிகள் கப்பலேறி நெதர்லாந்தில் கம்பெனியின் ஏலங்களில் விலைபோயின. தென்கிழக்காசியாவுக்குப் போனவை அங்கேயே பெயராக ஒட்டிக்கொண்டதால், கட்டம்போட்ட கைலியை மலாய் மொழியில் இன்றும் பழவேற்காட்டின் பெயராலேயே ‘கைன் பெலிக்காட்’ என்கிறார்கள்.

இனி, கரையிலுள்ள ஏலத்துக்கும் திரையிலுள்ள ஏலத்துக்கும் இடையிலான முக்கியமான வேறுபாட்டுக்கு வரலாம். தமிழ்நாட்டில் ஏலம் விடுபவர் “ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்” என்று சொல்லித்தான் முடிப்பார். இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் இடையே யாரேனும் கையைத் தூக்கிவிட்டால் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதாவது, எல்லாரும் ஓய்ந்த பிறகே ஏலம் ஓயும். ஈபேயின் ஏலத்தில் இந்த மூன்று தரம் இல்லை. குறித்த நொடி வந்ததும் கதவு சாத்தப்படுகிறது. முன்பு அமேசான் நடத்திவந்த ஏலங்களிலோ, கடைசி நேரத்தில் ஒரு கேள்வி விழுந்தால், அதன் பிறகு பத்து நிமிடம் யாரும் கேட்காமல் கழியும்வரை முடிவு தள்ளிப்போகும். நம் ஊர் மூன்று தரத்தின் இயந்திர வடிவம் அது. ஆல்வின் ராத், ஆக்சல் ஒக்கன்ஃபெல்ஸ் ஆகிய இருவரும் இவ்விரு தளங்களையும் ஒப்பிட்டு 2002இல் வெளியிட்ட ஆய்வு, கதவு சாத்தப்படும் தளத்திலேயே கடைசி நிமிடக் கேள்விகள் வெகுவாகக் குவிகின்றன என்றும், அங்கே அனுபவம் கூடக்கூட மக்கள் இன்னும் தாமதித்தே கேட்கிறார்கள் என்றும் காட்டியது.

பழவேற்காட்டில் ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துகொண்டே வருவதும், அது அடைபட்டால் மீன்வரத்தும் படகுப் போக்குவரத்தும் தடைபடுவதும் அப்பகுதி மீனவர்களின் நெடுநாளைய துயரம். திறந்தே கிடக்கும் முகத்துவாரத்தில் மீனும் இறாலும் தம் போக்கில் வந்துபோகும். இன்ன நொடியில் அடைபடும் என்று அவற்றுக்கும் தெரிந்திருந்தால் எல்லாம் அந்த நொடிக்கு முன்னர் அந்தக் குறுகலில்தான் வந்து நெருக்கும். ஏலத்தின் முடிவு நேரம் அப்படிப்பட்ட முகத்துவாரம்.

கடைசி மூன்று நொடியில் தாமாகவே கேள்வியை எறியும் மென்பொருள்கள் விற்பனைக்கு உள்ளன. குறைந்த விலையில் வெற்றி நிச்சயம் என்பதும், செயற்கை நுண்ணறிவு எதிராளியைக் கணித்துவிடும் என்பதும் இவ்வகைச் சரக்குக்கான விளம்பர மொழி. தூரத்துக் கணினியில் ஏற்கெனவே 61 டாலர் என்று எழுதிவைத்துவிட்ட ஒருவரை எந்த மென்பொருளும் 60 டாலருக்கு இறக்க முடியாது. ஆனால் தாமதித்துக் கேட்பதில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்த நியாயம் பொருளின் தன்மையைப் பொறுத்தது. ராத், ஒக்கன்ஃபெல்ஸ் ஆய்வில் ஈபேயில் கணினிகளைவிடப் பழம்பொருள்களுக்கே தாமதக் கேள்விகள் மிகுந்திருந்தன என்பது இதற்குச் சான்று.

விருந்துக்கு இறால் எடுக்கும் அக்காவின் 600 ரூபாய் அவள் ஒருத்திக்கே உரிய மதிப்பு. பிறர் கேட்பதைப் பார்த்து அது மாற வேண்டியதில்லை. அதே கூடையைச் சென்னைச் சந்தைக்கு ஏற்றும் வியாபாரிகளுக்கோ அதன் மதிப்பு எல்லாருக்கும் பொதுவான ஒன்று, அதாவது நாளைய சந்தை விலை. அதை ஒவ்வொருவரும் ஊகிக்கிறார்கள், யாருடைய ஊகம் மிக உயர்ந்ததோ அவரே வெல்கிறார், எனவே வென்றவரின் ஊகமே பெரும்பாலும் மிகையாக இருக்கும். வென்றவரின் சாபம் என்று பொருளியலாளர்கள் குறிப்பிடும் இதனை, 1971இல் எண்ணெய்க் கிணறுகளுக்கான ஏலங்களை ஆராய்ந்த பொறியாளர்கள் முதலில் விளக்கினார்கள். பேஸர்மன், சாமுவல்சன் ஆகியோர் 1983இல் வெளியிட்ட சோதனையில், 8 டாலர் பெறுமானமுள்ள சில்லறை நிறைந்த ஜாடியைக் காட்டி மதிப்பிடச் சொன்னபோது மாணவர்களின் சராசரி ஊகம் 5.13 டாலராகவே இருந்தது. ஏலத்தில் வென்றவர்கள் தரவிருந்த சராசரித் தொகையோ 10.01 டாலர். கூட்டத்தின் ஊகம் குறைவாக இருந்தும் வென்றவர் நஷ்டப்பட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பழங்காசு வாங்குபவர் சிக்குவது இங்கேதான். பழவேற்காட்டின் டச்சு அக்கசாலையில் அச்சிட்ட செப்புக் காசுகள் வெளிநாட்டு ஏலங்களில் விற்பனைக்கு வருகின்றன. கம்பெனியின் பெயரிலுள்ள வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிய முத்திரை அவற்றில் உண்டு. ஆனால் அதே முத்திரை, ஹாலந்து, ஜீலந்து, உட்ரெக்ட் முதலிய மாகாணங்களில் 18ஆம் நூற்றாண்டில் இந்தோனேசியத் தீவுகளின் புழக்கத்துக்காக அச்சிட்ட ‘டுயிட்’ என்னும் செப்புக் காசுகளிலும் உண்டு. டுயிட்டின் ஒரு பக்கத்தில் முத்திரைக்குக் கீழே ஆண்டும், மறுபக்கத்தில் மாகாணத்தின் கேடயச் சின்னமும் தெளிவாக இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் கிரீடம் சூடிய கேடயம் ஒன்று தென்படுமானால், தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் அது பழவேற்காட்டில் பிறந்த காசு இல்லை. இந்த வேறுபாடு தெரிந்தவர் முதல் நாளே தம் கேள்வியைப் பதிவு செய்தால், தெரியாத பத்துப் பேருக்கு ‘இது நல்ல சரக்கு’ என்று அவரே அறிவித்ததாகிவிடும். அவர் கடைசி நொடிவரை வாய்திறவாமல் இருப்பது தம் கல்வியைக் காத்துக்கொள்வதற்காக.

ஈபே 2004இல் பாஸீ என்ற இந்திய நிறுவனத்தை வாங்கி இங்கே நுழைந்தது. 2018 ஆகஸ்டில் முடிவுக்கு வந்த இந்தியத் தளத்தோடு அந்த உள்ளூர்க் கதவும் மூடிவிட்டதால், அங்கே கேட்க விரும்பும் இந்தியர் இன்று எல்லைக்கு வெளியே நின்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. எல்லை, அக்காவின் 600 ரூபாய்க் கணக்கைத் தலைகீழாக்குகிறது. இந்தியச் சுங்க வரி ஏல விலையின் மேல் மட்டும் விழுவதில்லை. அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின் மேல் விழுகிறது, ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியோ அந்த மதிப்போடு சுங்க வரியையும் கூட்டிய தொகையின் மேல் விழுகிறது. விகிதம் பொருளுக்குப் பொருளும் ஆண்டுக்கு ஆண்டும் மாறுவதால், கணக்கு விளங்குவதற்காக எல்லா வரியும் சேர்ந்து 40 விழுக்காடு என்றும் அனுப்பும் செலவு 2,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளலாம். வீட்டு வாசலில் வந்து சேரும்போது 10,000 ரூபாய்க்கு மேல் தகாது என்று கருதும் காசுக்கு, 10,000த்தை 1.4ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7,143. அதில் 2,000 போக, தளத்தில் எழுத வேண்டிய உண்மையான உச்சத் தொகை 5,143 ரூபாய்தான். 8,000 வரை போகலாமே என்று தோராயமாக எழுதி அதே விலையில் வெல்பவர் கடைசியில் 14,000 ரூபாய் செலுத்துவார்.

இந்த எல்லை ஒரு பக்கமாகவே திறக்கும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத பழைமையுடைய காசையும் தொல்பொருள் என்றே வரையறுத்து, தனியார் அதனை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடைசெய்கிறது. ஏரிக்கரை மணலில் கிடைத்த காசைப் படமெடுத்து வெளிநாட்டு ஏலத்துக்கு விடலாம் என்று ஆசைகாட்டும் காணொளிகளை நம்புவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். வெளியே போன காசை விலைகொடுத்துத் திருப்பிக் கொண்டுவர மட்டுமே வழியுண்டு.

ஏலத்துக்கு விடாமல் வைத்திருக்கும் பொருள்களும் இதே கரையில் உண்டு. பழவேற்காட்டு மீனவக் கிராமங்கள் சிலவற்றில், வலை கட்டும் இடங்களைப் பணம் மிகுந்தவருக்கு விடாமல், உரிமையுள்ள குடும்பங்களுக்கு முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ என்ற வழக்கம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. இரண்டாம் விலை ஏலம் எவ்வளவு நேர்த்தியானதாயினும், கையில் காசில்லாதவரின் தேவையை அதனால் கேட்க முடியாது என்பதை அந்தக் கிராமங்கள் விக்ரிக்கு முன்பே அறிந்திருக்கின்றன.

ஆம்ஸ்டர்டாமில் குளிர்கால இரவு எட்டு மணிக்கு முடியும் ஏலம், தோணிரேவில் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு முடிகிறது. எழுத வேண்டிய 5,143 ரூபாயை யூரோவாக்கி மாலையிலேயே எழுதிவைத்துவிட்டவர் அந்நேரம் உறங்கிக்கொண்டிருக்கலாம். அவருடைய தம்பி அங்கே விழித்திருக்கிறான்.