ஹென்றி டன்ஸ்டர்

ஹென்றி டன்ஸ்டர் (1609 – 1659) அமெரிக்காவின் ஹார்வர்ட் கல்லூரியின் முதல் தலைவர் ஆவார். இங்கிலாந்தின் பரி என்னும் ஊரில் பிறந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்ற இவர், 1640 இல் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்துக்கு வந்தார். அதே ஆண்டில் தலைவராக நியமிக்கப்பட்டார்.

பணி

முந்தைய பொறுப்பாளர் நத்தானியல் ஈட்டன் கொடுமைக் குற்றச்சாட்டில் 1639 இல் நீக்கப்பட்டபின் கல்லூரி மூடப்பட்டிருந்தது. டன்ஸ்டர் அதனை மீண்டும் திறந்து, கேம்பிரிட்ஜ் முறையைத் தழுவிப் பாடத்திட்டம் வகுத்தார். 1642 இல் ஒன்பது மாணவர்கள் முதன்முதலாகப் பட்டம் பெற்றனர். இவர் முயன்று 1650 இல் பெற்ற பட்டயமே ஹார்வர்டின் நிருவாகத்துக்கு இன்றும் அடிப்படையாக உள்ளது.

பதவி விலகல்

குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பதற்கு விவிலியத்தில் சான்று இல்லை எனக் கருதிய டன்ஸ்டர், தம் குழந்தைக்கு அதனை அளிக்க மறுத்தார். கொள்கையைக் கைவிட உடன்படாமையால் 1654 இல் பதவி விலக நேர்ந்தது. பின்னர் சிச்சுவேட் என்னும் ஊரில் சமயப் போதகராகப் பணியாற்றிய இவர் 1659 இல் காலமானார். இவரது உடல் கல்லூரிக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டது.