புயலை வென்ற "சோப்புப் பெட்டி"!

மரத்தால் செய்தால்தான் படகு. பிளாஸ்டிக்கில் செய்தால் அது சோப்புப் பெட்டி! கண்ணாடி இழைப் படகுகள் வந்த புதிதில், மேல்நாட்டுப் பாய்மரப் படகுக்காரர்கள் பலர் இப்படித்தான் கேலி செய்தார்கள்.

கண்ணாடியை நூலாக இழுத்து, துணி போல் நெய்து, அச்சில் பரப்பி, பிளாஸ்டிக் பிசின் பூசி இறுக வைப்பார்கள். அதுவே படகின் உடல்.

கொடும் புயல்

1979 ஆகஸ்டு மாதம். இங்கிலாந்தில் புறப்பட்டு, அயர்லாந்து அருகே உள்ள பாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வரும் பந்தயம். 303 படகுகள் கிளம்பின. நடுக்கடலில் புயல் தாக்கியது. பந்தய வீரர்கள் 15 பேர் மாண்டார்கள்.

மிகச் சிறிய படகுகள் பிரிவில் போனவை 58. பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று!

அதன் பெயர் "அசென்ட்". "கான்டெசா 32" என்ற ரகம். நீளம் 32 அடி. கண்ணாடி இழைப் படகுதான்! உடல் குறுகல், அடியில் கனம். அலை புரட்டினாலும் நிமிர்ந்துவிடும்.

வயதானாலும் மவுசு

மரம் உளுத்துப் போகும். கண்ணாடி இழை உளுக்காது. 50 வயதைத் தாண்டிய கான்டெசாக்கள் இன்றும் கடலில் ஓடுகின்றன. பழைய படகைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, புதுக்கிக் கொள்கிறார்கள்.

மரப் படகுக்கு மட்டுமே கிடைத்து வந்த "பழம்பெரும் படகு" என்ற மரியாதை, இப்போது இதற்கும் கிடைக்கிறது.

சோப்புப் பெட்டி கரை சேர்ந்துவிட்டது!